மொகம் பாத்து ஊத்துன கூழு

பழனிக்கு நடந்து போற பாதையில ஒரு மடம் இருந்துச்சு. மடம்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. மழை வந்தா சாமியாரும் மாடும் ஒரே மூலையில ஒதுங்கணும். அந்த மாடு காவி வேட்டியக் கண்டா மேஞ்சுரும், அது வேற கதை.

மடத்துக் குரு வயசுல சின்னவரு. சீடன் சிவக்கொழுந்துக்குத்தான் தல நரைச்சிருந்துச்சு. பள்ளிக்கூடத்துல நீதிநெறி நடத்துன வாத்தியாரு. அறம்னா என்னன்னு தெரிஞ்சே ஆகணும்னு, வீட்ல யாருகிட்டயும் சொல்லிக்காம வந்து சேந்தவரு.

மடத்துக்கு எதுத்தாப்புல, புளியமரத்தடியில, பாவாயின்னு ஒருத்தி நடந்து போறவங்களுக்குக் கம்பங்கூழு ஊத்துவா. காசு வாங்க மாட்டா. ஆனா மொகத்தப் பாத்துட்டுத்தான் ஊத்துவா.

"எந்தூருங் கண்ணு? ஊட்ல அம்மா இருக்குதா?"

தாடிக்காரனா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பாப்பா.

அவ மகன் மாரப்பன் மீச மொளைக்காத வயசுல கூழுச்சட்டிய ஒடச்சுட்டான். கரண்டியாலயே ஒண்ணு போட்டா. கோவிச்சுக்கிட்டு காவடிக் கூட்டத்தோட போனவன், வரவே இல்ல, இப்ப தாடியே மொளைச்சிருக்கும். சட்டி என்னங்க சட்டி, சந்தைக்குப் போனா வேற சட்டி. யாரு ஊட்ல ஒடையல? எங்க சின்ன மருமக கை பட்டா எவர்சில்வரே நசுங்கும்... சரி, அத விடுங்க.

ஒரு நாளு சிவக்கொழுந்து குருகிட்ட கேட்டாரு.

"சாமி, அந்தப்பக்கம் அரிசி மில்லுக்காரர் எலை போட்டுச் சோறு போடறாரு. யாரு எவருன்னு பாக்கறதே இல்ல. அதை விட்டுட்டு தெனமும் இந்தக் கூழுக்கு ஏன் போயி நிக்கறீங்க?"

"கூழு நல்லாருக்குது வாத்தியாரே."

"இதுல அறம் எங்கீங்க இருக்குது? மகனத் தேடறதுக்காக ஊத்தறா. பலன் வேணும்னு செஞ்சா அது யாவாரம்."

குரு வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாரு. பேசாம போனதும் வாத்தியாரு, தான் சொன்னது சரின்னு எடுத்துக்கிட்டாரு. நேரா புளியமரத்தடிக்குப் போனாரு.

"பாவாயி, எதையும் எதிர்பாக்காம குடுக்கறதுதான் தருமம். நீ செய்யறது அதுல சேராது."

அவ கரண்டியோட நின்னா.

"அதனாலதான் அவன் வரலீங்களா சாமி?"

வாத்தியாரு "மனசைச் சுத்தமா வெச்சுக்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு.

மறுநாளு பாவாயி முக்காடு போட்டுக்கிட்டு, குனிஞ்ச தல நிமிராம கூழு ஊத்துனா. கிண்ணம் வந்துச்சு, ஊத்துனா. இன்னொண்ணு வந்துச்சு, ஊத்துனா. வருசா வருசம் வர்ற ஒரு கெழவரு குடிச்சு முடிச்சும் நகராம நின்னாரு.

"ஏனம்மணி, என்ன ஒண்ணும் கேக்கலியே?"

அவ நிமிரல.

சாயங்காலம் குரு ஆத்துல மாட்டக் குளிப்பாட்டிட்டுத் திரும்புனாரு. வாத்தியாரு மொகம் பூரா சிரிப்பு.

"சாமி, இன்னிக்குத்தான் பாவாயி செஞ்சது அறம். யாரையும் பாக்கவே இல்ல."

"தாடிக்காரங்க வந்தாங்களா?"

"நெறையப் பேரு வந்தாங்க."

"அதுல பாவாயி ஜாடையில யாராச்சும் இருந்தாங்களா?"

"நான் பாக்கலீங்களே."

"அவளும் பாக்கல."

வாத்தியாரு சிரிப்பு நின்னுருச்சு. பாதைக்கு ஓடுனாரு. மேக்கால கூட்டம் போய்க்கிட்டு இருந்துச்சு. எல்லாம் முதுகு. எந்த முதுகப் போயி யாரு மகன்னு கேப்பாரு?

விடிஞ்சதும் கிண்ணத்தத் தூக்கிட்டு வரிசையில போயி நின்னாரு.

"பாவாயி, நிமிந்து பாரு."

"சுத்தம் போயிருமுங்களே சாமி."

"போகட்டும். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். பாரு, தாயி."

அவ முக்காட்ட எறக்குனா. ராத்திரி அழுத கண்ணு. அவரு மொகத்த நெத்தியில இருந்து தாவாக்கட்டை வரைக்கும் பாத்தா. கிண்ணத்துல கூழ ஊத்துனா.

"எந்தூருங்க சாமி? ஊட்ல அம்மா இருக்குதா?"

எத்தனையோ பிள்ளைங்களக் கேள்வி கேட்ட மனுசன். வீட்ல சொல்லிக்காம வந்தவரு, கிண்ணத்துக் கூழையே பாத்துக்கிட்டு நின்னாரு.

பின்னாடி யாரோ தோளத் தொட்டாங்க. குரு, கிண்ணத்தோட நின்னுக்கிட்டு இருந்தாரு.

"சொல்லிட்டு நகருங்க வாத்தியாரே. நானும் சொல்லணுமில்ல."