கிணற்றுக்கும் கன்று வீச்சு

"எல்லாவற்றுக்கும் நோய்," என்றார் ஏகாம்பர வைத்தியர். "ஊரில் ஒரு மாடு பாக்கி இல்லை."

சபையில் எல்லோரும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம், ராஜா வீரகேது ஏற்கனவே உத்தரவு போட்டிருந்தார். கன்று வீச்சு நோய் கண்டது எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிவிட வேண்டும். அந்தப் பக்கம் புலிக்காடு.

கன்று வீச்சு என்றால், சினை மாடு மாதம் நிறைவதற்குள் கன்றைக் கீழே போட்டுவிடுவது. ஊரில் சில மாடுகளுக்கு அப்படி ஆனது உண்மை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும், அதுவும் உண்மை. ராஜா பயந்ததில் தப்பில்லை. வைத்தியரை நம்பியதுதான் தப்பு.

வைத்தியரின் சோதனை இதுதான். ஒவ்வொரு மாட்டின் கோமியத்தையும் ஒரு சட்டியில் ஊற்றி, பயறு போட்டு வைப்பார். முளைத்தால் நல்ல மாடு. முளைக்காவிட்டால் நோய். இதுவரை எந்தச் சட்டியிலும் முளைத்ததில்லை. அது ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. பெரிய சபை.

மாசாணம் என்ற மாட்டுக்காரி முன்னால் வந்தாள். அவளுக்கு இருந்தது ஒரே மாடு.

"சாமி, எம் மாடு நெறமாசம். வயித்துல கை வச்சா கன்னு உதைக்குது. அதைப் போயி புலிக்கு விடச் சொல்றீகளே."

"உதைப்பது கன்று இல்லையம்மா," என்றார் வைத்தியர். "நோய்."

"நோய்க்குக் காலு இருக்கா சாமி?"

வைத்தியர் அவளை விட்டுவிட்டு ராஜா பக்கம் திரும்பினார். "மகாராஜா, நோயுள்ள மாடு ஒன்றுகூட இதுவரை என்னிடம் தப்பியதில்லை."

"அது வாஸ்தவம்," என்றார் அழகம்பெருமாள். ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, ராஜாவையே கிண்டல் பண்ணிச் சம்பளம் வாங்குகிற மந்திரி. "ஊரில் எல்லோரையும் பிடித்துச் சிறையில் போட்டால் ஒரு திருடன்கூடத் தப்பமாட்டான். நல்ல மாடு எத்தனையை விட்டார், அதைக் கேளுங்கள்."

ராஜா யோசித்தார். "நல்ல மாடு இருந்தால்தானே விடுவார்?"

ராஜா அவ்வளவுதான். அழகம்பெருமாள் பெருமூச்சு விட்டார்.

"சரி மகாராஜா. கடைசிச் சட்டி ஒன்று இருக்கிறது. அதையும் பார்த்துவிடட்டும்."

வைத்தியர் குனிந்து பார்த்தார். முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதுதான் ரொம்ப மோசம். ஏற்கனவே ஒரு கன்றை வீசிவிட்டது. அடுத்ததும் தங்காது. முதலில் இதை ஓட்டுங்கள்."

"யார் வீட்டு மாடு?" என்றார் ராஜா.

"உங்கள் வீட்டுக் கிணறு," என்றார் அழகம்பெருமாள். "சட்டிகளை அடுக்கிய அன்றைக்கு நான்தான் இந்த ஒன்றில் மட்டும் கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றி வைத்தேன்."

ராஜாவுக்கு முகம் வெளுத்தது. "பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறேன். எனக்கும் இருக்குமோ?"

"உங்களுக்குக் கன்று தங்குமா என்று வைத்தியரைத்தான் கேட்க வேண்டும்."

வெட்கமுள்ளவன் இந்த இடத்தில் வாயை மூடியிருப்பான். வைத்தியர் நிமிர்ந்து நின்றார். "கிணற்றுக்கு இந்த நோய் வராது என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது?"

அழகம்பெருமாள் எழுந்து வந்தார். வைத்தியரின் பையிலிருந்து நாலு பயறை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"மொறுமொறுவென்று இருக்கிறது. உப்புதான் இல்லை. எங்கே வாங்கினீர் ஓய்?"

"அரண்மனைக் களஞ்சியத்தில்."

காவல்காரன்கூடச் சிரித்துவிட்டான். ராஜாவுக்கு வண்டு என்றால் நடுக்கம். அதனால் அரண்மனைக்குள் எந்தத் தானியம் வந்தாலும் வறுத்துத்தான் உள்ளே வரும்.

"வறுத்த பயறு, மகாராஜா. பன்னீரில் போட்டாலும் முளைக்காது."

"அப்படியானால் இவள் மாட்டுக்கு நோய் இல்லையா?"

"எனக்குத் தெரியாது. வைத்தியருக்கும் தெரியாது. கன்று வீசிய மாடுகளைத் தனிக் கொட்டிலில் கட்டச் சொல்லுங்கள். வறுக்காத பயறை வாங்கி, அந்த மாடுகளிடமும், கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிற நல்ல மாடுகளிடமும் முதலில் சோதித்துப் பார்க்கட்டும். எந்தச் சட்டி எந்த மாடு என்று அவரிடம் சொல்லக்கூடாது. சரியாகப் பிரித்துச் சொன்னால் அப்புறம் நம்பலாம்."

ராஜா உத்தரவை ரத்து செய்தார். மாசாணம் கும்பிட்டுவிட்டு, யாரும் மனசு மாறுவதற்குள் வாசலில் கட்டியிருந்த மாட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அழகம்பெருமாளுக்கு ராஜா கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

"இருந்தாலும் கிணற்றைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்," என்றார் வைத்தியர்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு மாட்டுக் கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி வைத்தியர் கையில் கொடுத்தார்.

"அந்த ஒன்றுக்கு மட்டும் உத்தரவு இருக்கட்டும். பொழுது சாய்வதற்குள் கிணற்றை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போம்."

வைத்தியர் கிணற்றடிக்குப் போனார். கயிற்றோடு சுற்றிச் சுற்றி வந்தார். பொழுதும் சாய்ந்தது. கிணறுதான் நகரவில்லை.