பெருச்சாளியின் மூன்று தொன்னை அபராதம்

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி கிடங்கு வைத்திருந்தது. பெருச்சாளிக்குக் கிடங்கா என்று சிரிக்காதீர்கள். மேட்டு நிலத்தில், மழைத் தண்ணீர் ஏறாத இடத்தில், அது ஆழமாக வளை தோண்டியிருந்தது. காட்டில் வேறு யாருக்கும் அப்படியொரு இடம் இல்லை. ஆகவே எல்லாரும் மழைக்காலத்துக்கு வேண்டிய தினையையும் சோளத்தையும் அங்கேதான் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

உள்ளே ஆளுக்கொரு குழி. ஆனால் உள்ளே போக யாருக்கும் அனுமதி இல்லை. வாசலில் கொடுக்க வேண்டும், வாசலில் வாங்க வேண்டும். பூவரச இலையில் செய்த தொன்னைதான் அளவு.

பெருச்சாளி நன்றாகப் பேசும். "உங்கள் தினை என் உயிர் மாதிரி. எப்போது கேட்டாலும் கேட்ட உடனே தருவேன்" என்று சொல்லும். கடைசியில் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, வேகமாக, "யார் குழி குறைந்தாலும் மூன்று தொன்னை அபராதம்" என்று சேர்த்துக்கொள்ளும். அதை யார் காதில் வாங்கினார்கள்?

அந்தக் காட்டில் ஒரு கௌதாரி இருந்தது. அதற்கு நாலு குஞ்சுகள். அடைகாத்த நாட்களில் இரை தேடப் போக முடியாமல், குழியில் இருந்ததையெல்லாம் எடுத்துத் தின்று தீர்த்துவிட்டது. குஞ்சு பொரித்ததும் மறுபடி முதலில் இருந்து சேர்க்க வேண்டியதாயிற்று. மழை வந்துவிட்டால் தரையில் பொறுக்க ஒரு மணி கிடைக்காது. அதற்குள் சேர்த்தால்தான் குஞ்சுகள் பிழைக்கும்.

ஒரு நாள் காலையில் கௌதாரி இரண்டு தொன்னை தினை போட்டது. மதியம் கடைசிக் குஞ்சு பசியில் சுருண்டு படுத்துவிட்டது. கௌதாரி ஓடிவந்து ஒரு தொன்னை கேட்டது. பெருச்சாளி சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுத்தது.

மாலையில் கௌதாரி சொன்னது: "அண்ணாச்சி, இரண்டு போட்டேன், ஒன்று எடுத்தேன். ஒன்று மீதி இருக்கும். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்."

"ஒன்றா?" என்றது பெருச்சாளி. "நீதான் தங்கச்சி எனக்கு இரண்டு தர வேண்டும்."

கௌதாரி கேட்டது: "அது எப்படி?"

"காலையில் போட்டது பொழுது சாய்ந்த பிறகுதான் கணக்கில் சேரும். எடுப்பது எடுத்த உடனே கழியும். மதியம் நீ கேட்டபோது உன் குழி காலி. குழி குறைந்தால் மூன்று தொன்னை அபராதம். சொல்லியிருக்கிறேனே?"

"மதியமே சொல்லியிருந்தால் நான் எடுத்திருக்க மாட்டேனே."

"நீ கேட்கவில்லையே" என்றது பெருச்சாளி.

கௌதாரி புதருக்குத் திரும்பியது. மறுநாள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு தொன்னை பொறுக்கி வந்து கொடுத்தது. அப்பாடா, கடன் தீர்ந்தது என்று நினைத்தது. பெருச்சாளியோ, "இதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான் சேரும். பகல் முழுக்க உன் குழி குறையாகத்தானே இருந்தது? இன்றைக்கும் ஒரு மூன்று" என்றது.

அதற்கு மறுநாள் கௌதாரி மூன்று தொன்னை கொண்டுவந்தது. அன்றைக்கும் அதே கதை. இன்னொரு மூன்று.

கௌதாரி புதருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்தது. ஏழு தொன்னை போட்டிருக்கிறேன். ஒன்று எடுத்திருக்கிறேன். ஆறு என்னுடையது. ஆனால் அவன் கணக்குப்படி நான் அவனுக்கு மூன்று தர வேண்டும். இப்படியே போனால் என் குஞ்சுகளுக்காக அல்ல, அவன் அபராதத்துக்காகத்தான் காலம் முழுக்கப் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

அன்றோடு "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டது.

விடிந்ததும் கிடங்கு வாசலில் போய் நின்றது. "என் ஆறு தொன்னையைக் கொடு."

"விதி விதிதான்" என்றது பெருச்சாளி.

மறுநாளும் போய் நின்றது. "என் ஆறு தொன்னையைக் கொடு."

"நாளைக்கும் வந்தால் உன் குழியையே மூடிவிடுவேன். மழையில் தினையை எங்கே வைப்பாய், உன் தலையிலா?"

மறுநாளும் போய் நின்றது.

இந்தக் கூத்தை முயல் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. முயலுக்கு நிழலைக் கண்டாலும் பயம். அது மெல்ல வந்து, "கௌதாரி, விட்டுவிடேன். என்னிடமும் எடுத்தான். போனது போகட்டும் என்று இருந்துவிட்டேன். பெரிய இடத்துப் பகை நமக்கு எதற்கு?" என்றது.

"உனக்குப் போனதைப் போகட்டும் என்று நீ விட்டுவிடலாம். என் நாலு குஞ்சுகளிடம் போய் நான் என்ன சொல்வேன்?" என்றது கௌதாரி.

அன்று மதியம் பெருச்சாளி புதருக்கே வந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தேன் ஒழுகப் பேசியது. "தங்கச்சி, எனக்கும் மனசு இருக்கிறது. உன் குஞ்சுகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. பின்வாசலுக்கு வா. இரண்டு தொன்னை தருகிறேன். உனக்கு மட்டும்தான். வெளியே மூச்சு விடாதே."

கௌதாரி பின்வாசலுக்குப் போனது. பசித்த குஞ்சுகளை வைத்துக்கொண்டு போகாமல் எப்படி இருக்கும்? பெருச்சாளி இரண்டு தொன்னையை நீட்டியபோது அதன் முதுகுக்குப் பின்னால் ஓர் அறை தெரிந்தது. அந்த அறை நிறையத் தினை. தினை மட்டுமா, சோளம், கம்பு, வேர்க்கடலை என்று கூரை முட்டக் குவிந்து கிடந்தது. பெருச்சாளி ஒரு நாளும் வயலுக்குப் போய்ப் பொறுக்கியதை யாரும் பார்த்ததில்லை.

நீட்டிய தொன்னையைக் கௌதாரி தொடவில்லை. "இது என்னுடையது என்றால் ஆறு கொடு. என்னுடையது இல்லை என்றால் எனக்கு எதற்கு? எதுவானாலும் முன்வாசலில் கொடு."

"முன்வாசலில் கொடுத்தால் எல்லாரும் பார்ப்பார்களே."

"அதற்காகத்தான் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கௌதாரி நடந்தது. வீட்டுக்கு வந்து குஞ்சுகளின் முகத்தைப் பார்த்ததும், இரண்டையாவது வாங்கியிருக்கலாமோ என்று அதற்கு அழுகை வந்தது. அழுதது. அழுது முடித்துவிட்டுக் கிளம்பியது.

முதலில் முள்ளம்பன்றியிடம் போனது. முள்ளம்பன்றிக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்னிடமும்தான் எடுத்தான். அவனை இப்போதே குத்திக் கிழிக்கிறேன்" என்று எழுந்தது.

"குத்தினால் அவனுக்கு ரத்தம் வரும், நமக்குத் தினை வராது. கொஞ்சம் பொறு."

பிறகு மயிலிடம் போனது. மயிலுக்கு மானம்தான் பெரிது. "எனக்கா? அபராதமா? சேச்சே" என்று தோகையைச் சிலுப்பியது. கௌதாரி இடத்தை விட்டு நகரவில்லை. மயில் தலையைத் தாழ்த்தி, "ஒன்பது தொன்னை போச்சு. என் குழி குறைந்தது என்று ஊருக்குத் தெரிந்தால் கேவலம் என்று யாரிடமும் சொல்லவில்லை. உனக்கும் அப்படியா?" என்றது.

"எல்லாருக்கும் அப்படித்தான். ஆளாளுக்குத் தனியாக வெட்கப்பட்டதால்தான் அவன் கொழுத்தான்" என்றது கௌதாரி. "உன் குழியில் இப்போது எவ்வளவு இருக்க வேண்டும்?"

"அபராதம் போகப் பத்து."

"விடியற்காலையில் நான் கூவுவேன். கேட்டதும் கிடங்குக்கு வந்து அந்தப் பத்தையும் கேள். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்." முள்ளம்பன்றியிடமும் மற்ற எல்லாரிடமும் போய் இதையே சொல்லிவிட்டு வந்தது.

கௌதாரி விடிகாலையில் குரல் கொடுத்தால் காடு முழுக்கக் கேட்கும், தெரியுமா? அன்றைக்கு அது கிடங்கு மேட்டின் மேலேயே ஏறி நின்று கூவியது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். முயல்கூட வந்தது. எல்லாருக்கும் பின்னால் நின்றது.

பெருச்சாளி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தது. "என்ன விசேஷம், கூட்டமாக?"

"எங்களுக்கு இருப்பதை எடுக்க வந்திருக்கிறோம்" என்றது முள்ளம்பன்றி. "கேட்ட உடனே தருவாய் அல்லவா?"

பெருச்சாளி உள்ளே திரும்பிப் பார்த்தது. மழைக்கு முன்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில், அபராதத்தை மட்டும் அல்ல, அவரவர் குழியில் மீதி இருந்ததையும் கிள்ளிக் கிள்ளிப் பின்னறைக்கு மாற்றியிருந்தது. அதில் பாதியைத் தின்றும் தீர்த்திருந்தது. இப்போது எல்லார் முன்னாலும் பின்னறையைத் திறக்கவா முடியும்?

முள்ளம்பன்றி எட்டுக் கேட்டது. பெருச்சாளி அக்கம்பக்கத்துக் குழிகளை எல்லாம் சுரண்டி எட்டையும் கொடுத்தது. அடுத்து மயில் முன்னால் வந்து பத்துக் கேட்டது. பெருச்சாளி உள்ளே போனது. வெகுநேரம் கழித்து இரண்டு தொன்னையோடு வந்தது.

"மீதியை மாலைக்குள் நிரப்பிவிடுகிறேன். ஒரு பகல் பொறுக்கக் கூடாதா?"

"மாலையில் போடுவது பொழுது சாய்ந்த பிறகுதான் சேரும்" என்றது கௌதாரி. "இப்போது மயிலின் குழி குறைவாக இருக்கிறது. மயில் அதைத் தொடவில்லை. குறைத்தது நீ. யார் குழி குறைந்தாலும் மூன்று தொன்னை அபராதம், நீ சொன்னதுதான். இங்கே நிற்கிறவர்களில் இன்னும் எத்தனை பேர் குழி குறைந்திருக்கிறதோ, ஆளுக்கு மூன்று எடுத்து வை."

பெருச்சாளிக்கு முகம் சுண்டிப்போனது. "அந்த விதி உங்களுக்கு. எனக்கு இல்லை" என்று கத்தியது.

அப்போது கூட்டத்தின் பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"உனக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்டது முயல்.

அதுவரை முயல் யாரையும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டுவிட்டு ஓடவும் இல்லை. மயில் நகர்ந்து அதன் பக்கத்தில் வந்து நின்றது. முள்ளம்பன்றியும் நின்றது. பெருச்சாளி எல்லார் முகத்தையும் பார்த்தது.

"உன் மூன்று எங்களுக்கு வேண்டாம்" என்றது கௌதாரி. "அபராதம் என்ற பேச்சே இனி இந்தக் காட்டில் வேண்டாம். எடுத்ததை எடுத்தவர்களுக்குக் கொடு. முன்வாசலில் கொடு. பின்னறையில் இருப்பது போதாவிட்டால் நீயே போய்ப் பொறுக்கு."

பெருச்சாளி பின்னறையைத் திறந்தது. இருந்ததெல்லாம் வெளியே வந்தது. தின்றது போக மிச்சம்தானே இருக்கும்? குறைந்ததற்கு அது வயல்வரப்பில் இறங்கி, வாழ்நாளில் முதல் தடவையாகக் குனிந்து குனிந்து பொறுக்கியது. முள்ளம்பன்றி கூடவே நடந்து, பெருச்சாளி முதுகு வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் முள்ளைச் சிலிர்த்துக் காட்டியது.

கௌதாரிக்குச் சேர வேண்டிய ஆறாவது தொன்னை, முதல் மழை இறங்கிய அன்று காலையில் வந்து சேர்ந்தது. கௌதாரி வாங்கிக் குஞ்சுகள் முன்னால் வைத்தது. நாலும் விழுந்தடித்துக்கொண்டு தின்றன. கடைசிக் குஞ்சு தொன்னைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற பெருச்சாளி, "எல்லாம் தீர்ந்தது. நான் போகலாமா?" என்று கேட்டது.

கௌதாரி வானத்தைப் பார்த்தது.

"காலையில்தானே கொடுத்தாய்? பொழுது சாய்ந்த பிறகுதான் சேரும். அதுவரை அப்படி உட்கார்" என்றது.

நீதி: அநியாயமாகப் பிடுங்கியதை அரைகுறையாக, மறைவில் கொடுத்தால் வாங்காதே, நாலு பேர் முன்னிலையில் முழுசாகக் கேட்டு வாங்கு.