நெட்டை இழுத்த மூணாம் நம்பர் கம்ப்யூட்டர்

எங்கள் ஆபீஸில் மொத்தம் நாலு பேர். அதில் மூணு பேர் முட்டாள்கள் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். நாலாவது யார் என்று தெரிய ஒரு வாரம் ஆனது.

கரூரில் ஜன்னல் திரை ஏற்றுமதி செய்கிற கம்பெனி. சென்னியப்பன் அண்ணன், நாச்சிமுத்து அண்ணன், தெய்வாத்தா அக்கா, அப்புறம் பிளஸ் டூ கணக்கில் கோட்டைவிட்ட நான். "இந்த வேலையும் போச்சுன்னா நேரா டுடோரியல்தான்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். டுடோரியலில் தப்புப் போட்டால் சுவரைப் பார்த்து நிற்கவைப்பார்கள். ஏற்கெனவே ஒரு மாசம் நின்றிருக்கிறேன். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று இப்போதும் சொல்வேன்.

முதலாளி ஒரு வாரம் வெளியூர் கிளம்பும்போது எங்களைக் கூப்பிட்டார்.

"பத்தாம் தேதிக்கே நெட் தீர்ந்துபோகுது. எது எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற சாப்ட்வேர் வாங்கியிருக்கேன், போட்டு வைங்க. பாஸ்வேர்டு முழுசா ஒரே ஆளுக்குத் தெரியக்கூடாது. அதுமேல இருந்து கண்ணை எடுக்காதீங்க. எது ரொம்ப இழுக்குதோ, நான் வர்றப்ப அது ஆபீஸில் இருக்கக்கூடாது."

"சரிங்க" என்றோம். நாங்கள் சரியாகச் செய்த கடைசிக் காரியம் அதுதான்.

பாஸ்வேர்டு எட்டு எழுத்து. ஆளுக்கு ரெண்டு. ஒருத்தர் அடிக்கும்போது மற்ற மூணு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். எனக்குப் பழக்கம்தான்.

சாப்ட்வேரை என் கம்ப்யூட்டரில், அதாவது மூணாம் நம்பரில் போட்டேன். எல்லாக் கம்ப்யூட்டர் திரைகளையும் நொடிக்கு நொடி படம் பிடித்து எங்கேயோ இருக்கிற சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. படித்தேன். படித்ததோடு சரி.

அப்புறம் நாலு பேரும் அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கண்ணை எடுக்கவில்லை. ஆர்டர், பில், பார்சல் எல்லாம் அப்படியே கிடந்தன. நெட் செலவைக் காட்டுகிற படத்தில் மற்ற மூணு கம்ப்யூட்டரின் கோடும் தரையில் படுத்திருந்தது. என்னுடையது மட்டும் சிவப்பாக ஏறிக்கொண்டே போனது.

"ஏன்டா சஞ்சீவி, அப்படி என்னத்தடா பாக்கற?" என்றார் தெய்வாத்தா அக்கா.

"யார் என்ன பாக்கறாங்கன்னுதான் பாக்கறேன் அக்கா."

"யாருடா பாக்கறா?"

"யாரும் பாக்கலைங்க."

"பாக்காமயே இவ்வளவு ஏறுதுன்னா, பாத்தா எவ்வளவு ஏறும்?" என்று நாச்சிமுத்து அண்ணன் கவலைப்பட்டார்.

டுடோரியல் சுவர் கண்முன்னால் வந்து நின்றது, விரிசலோடு.

சென்னியப்பன் அண்ணன் டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "நாலு பேரும் இங்கயேதான் குந்தியிருக்கோம். ஒருத்தரும் இழுக்கலை. அப்ப இழுக்கறது இந்த மிஷின்தான். இது ஆபீஸில் இருக்கக்கூடாது."

இவ்வளவு அறிவாளியை முட்டாள் என்று நினைத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

"டேய், கண்ணை எடுக்கக்கூடாதுன்னாரே" என்று அக்காவும் ஏறினார். மற்ற ரெண்டு பேரும் ஏறினார்கள்.

எங்கள் வீட்டில் நெட் கிடையாது. கோடு அப்படியே கீழே படுத்துக்கொண்டது. நாலு நாளும் நாலு பேரும் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம், அம்மா டீ போட்டுக் கொடுத்தார். வேலை தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

திங்கட்கிழமை முதலாளி போன் பண்ணினார். "ஆபீஸ் பூட்டிக் கிடக்குது. எங்கடா போனீங்க?"

"எங்க வீட்டுலங்க. நெட் செலவு சுத்தமா நின்னுபோச்சுங்க."

பத்து நிமிஷத்தில் வந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார்.

"அந்தச் சாப்ட்வேரை முதல்ல அழிங்க."

"பாஸ்வேர்டு போடணுங்க. நீங்க கொஞ்சம் திரும்பி நிக்கணும்."

"நானா?"

"நாலு பேர் அடிக்கறதையும் பாத்துட்டா உங்க ஒருத்தருக்கே முழுசாத் தெரிஞ்சிருமேங்க. நீங்க சொன்னதுதானுங்க."

முதலாளி என்னையே பார்த்தார். பிறகு திரும்பினார். அவர் பக்கத்தில் வரிசையாக மற்ற மூணு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் முதல் எழுத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அப்பா உள்ளே வந்தார். சுவரோரம் நிற்கிற நாலு பேரையும், நாற்காலியில் இருக்கிற என்னையும் பார்த்தார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"அஞ்சு டீயாப் போடு" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "பையன் சொந்தமா டுடோரியல் ஆரம்பிச்சுட்டான்."