ஹாக்கருக்கு அர்த்தம்

கோலமாவு விற்கும் மூக்கம்மா, 'ஹாக்கர்' என்று அச்சிட்ட தெரு வியாபாரி அட்டை கேட்டு வெறுங்கையோடு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். அட்டை இல்லாதவர்கள் இனித் தெருவில் விற்கக்கூடாது என்று புது உத்தரவு.

அதிகாரி கனகசபாபதி இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் புரட்டினார். "ஹாக்கர்னா தெருத்தெருவாக் கூவி விக்கிற ஆளு. உங்கிட்ட கூடையுமில்ல, மாவுமில்ல. நீ ஹாக்கர்னு எப்படி நம்புறது?"

"கூவணும், அவ்வளவுதானே சார்?"

சன்னல் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் விட்டாள். "கோலமாவேய்ய்!"

எதிர்வரிசையில் கதவுகள் படபடவென்று திறந்தன. பின்பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து அதிகாரியின் சம்சாரமே கிண்ணத்தோடு ஓடி வந்தாள். "ஏன் மூக்கம்மா, இன்னிக்கு இவ்வளவு நேரம்?"

"இன்னிக்கு மாவு இல்ல தாயி" என்றாள் மூக்கம்மா, தலை நிமிர்ந்து. "சாருக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் காட்ட வந்தேன்."