கோட்டுக்குள் ஒரு புள்ளி

ஸ்டீபன்ராஜ் பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, தாமதமாக ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டியான பேராசிரியர் வேதவல்லி அவரைவிட வயதில் சிறியவர்.

ஒரு நாள் ஸ்டீபன்ராஜ் கேட்டார்: "மேடம், இங்க துல்லியமாப் பார்த்த என் பெட்டி, மலை ஆய்வுக்கூடத்துல கொண்டுபோய் வெச்சதும் ஏன் மங்கலாப் பார்க்குது?"

அது வாயு நிரப்பிய பெட்டி. வானிலிருந்து விழும் துகள் ஊடுருவிப் போகும்போது, போன இடத்தை ஒரு புள்ளியாகக் காட்டும். அது எவ்வளவு துல்லியம் என்று அறிய, பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புள்ளிகளின் வழியே கோடு போடுவார்கள். கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பார்கள்.

வேதவல்லி கரும்பலகையில் நான்கு புள்ளிகள் வைத்துக் கோடு போட்டார்.

"மூணாவது உங்களோடது. எவ்வளவு தள்ளியிருக்கு?"

"கொஞ்சம்தான்."

வேதவல்லி அந்தப் புள்ளியை விரலால் அழித்தார். மீதி மூன்றை மட்டும் வைத்து வேறு கோடு போட்டார். அழித்த புள்ளியைப் பழைய இடத்திலேயே மறுபடி வைத்தார்.

"இப்போ?"

"நல்லாவே தள்ளியிருக்கு."

"ஏன்?"

ஸ்டீபன்ராஜ் இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "முதல் கோட்டை என் புள்ளியும் தன் பக்கம் இழுத்திருக்கு."

"நீங்க எந்தக் கோட்டை வெச்சு அளந்தீங்க?"

"முதல் கோடு."

"குழலி எப்படி அளந்தா?"

அவருடன் ஆராய்ச்சி செய்த குழலியும் ஒரு பெட்டி செய்திருந்தாள். தன் புள்ளியை நீக்கிவிட்டுக் கோடு போட்டு அளந்தாள். அதனால் அவள் காட்டிய விலகல் பெரிதாக இருந்தது. மலைக்கு ஸ்டீபன்ராஜின் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பெட்டிக்குள் இருந்த கம்பிகளை உருவி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் படிப்பை விட்டு ஓசூரில் வேலைக்குப் போய்விட்டாள்.

"பெட்டியைத் தேர்ந்தெடுத்த அன்னைக்கு மீட்டிங்ல அவ ஒண்ணு கேட்டாளே" என்றார் வேதவல்லி.

"'கோடு எப்படிப் போட்டீங்க சார்'னு கேட்டா."

"நீங்க?"

"'ஸ்கேல் வெச்சுத்தாம்மா'ன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதோட அவ கேக்கறதை விட்டுட்டா."



"என் அளவு தப்புன்னு மலைக்கு எழுதிடறேன், மேடம்."

"எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்."

"குழலிக்கும் சொல்லணும்."

ஸ்டீபன்ராஜ் கைப்பேசியை எடுத்து நெடுநேரம் தட்டினார். பிறகு வாசித்துக் காட்டினார்:

"குழலி, நீ அன்னைக்குக் கேட்டது இப்பதான் எனக்குப் புரியுது. தப்பு என்னோடதுதான். ஆனா வேணும்னு செய்யல. அவசரத்துல நடந்துபோச்சு. நீயும் இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாம்."

வேதவல்லி கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"இந்தக் கோட்டையும் உங்க புள்ளியை உள்ள வெச்சுத்தான் போட்டிருக்கீங்க, சார்."