பதினோரு பசுக்களின் இருமல்

இந்தக் கதையை இருபது வருடங்களாகச் சந்தேகத்தோடுதான் சுமந்துகொண்டிருக்கிறேன். சொன்னவர் ஆவுடையப்பன். பொய் சொல்லிப் பழகாதவர். கோணல் என் புத்தியில்தானோ என்றும் நினைத்திருக்கிறேன்.

விலங்கியல் படித்துவிட்டு, தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடத்தில் சீடராகச் சேர்ந்தவர் அவர். தொழுவம் அவர் பொறுப்பு. ஒரு வருடம் பதினோரு பசுக்கள் இருமி இளைத்தன. காசநோய். கடைசியாக மாடு கொண்டுவந்தவர் தரகர் கொம்பையா. "நோயை ஓட்டிக்கொண்டு வந்தவன்" என்று ஊரார் முன்னால் ஆவுடையப்பன் அவரை விரட்டினார். அதன்பிறகு கொம்பையா கொண்டுபோன மாட்டை எந்த ஊரிலும் யாரும் வாங்கவில்லை.

கிருமியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்த அன்று ஆவுடையப்பன் தாளோடு குருவிடம் ஓடினார்.

"சாமி! வந்துட்டு!"

"என்னவே, மாடு அத்துக்கிட்டு ஓடிட்டா?"

"கிருமியோட வம்சாவளி வந்துட்டு சாமி! சந்தையில இருந்து வந்திருந்தா வகைவகையா இருக்கும். இங்க பதினொண்ணும் ஒரே வகை!"

"ஒண்ணுக்கொண்ணு கொடுத்துக்கிட்டுதோ?"

"இல்லவே இல்ல! கைமாறக் கைமாறக் கிருமி கொஞ்சங்கொஞ்சமா மாறும். அதை வச்சுப் படம் போட்டிருக்காங்க. பாருங்க, நடுவுல ஒரு புள்ளி, சுத்திப் பதினோரு கோடு. வண்டிச் சக்கரம் மாதிரி!"

"நடுப்புள்ளி எந்த மாடு?"

"மாடே இல்ல சாமி! இது மனுசனுக்கு வர்ற கிருமி. நம்மள்ல ஒரு ஆளு மாட்டுக்குக் கொடுத்திருக்கான்!"

குரு வாய்விட்டுச் சிரித்தார். "அப்படிப் போடும்! அப்ப கொம்பையா?"

"அவர் மேல ஒரு குத்தமும் இல்ல. கறவைக்காரங்க ஆறு பேரையும் எழுதிட்டேன். நாளைக்கே சளி எடுக்கணும். ஆளைப் பிடிச்சிரலாம்!"

குரு பட்டியலை வாங்கிப் படித்தார். எழுந்து தொழுவத்துக்குப் போனார். கூரையில் செருகியிருந்த மூங்கில் குழாயை எடுத்துவந்து பட்டியல்மேல் வைத்தார்.

சளி பிடித்த மாட்டுக்குச் சுக்குப்பொடி ஊதும் குழாய். ஒரு முனை மாட்டின் மூக்கில், மறுமுனை ஊதுகிறவர் வாயில். அந்த மழைக்காலத்தில் மருந்து ஊதப்பட்டவை அந்தப் பதினொன்றுதான். ஊதியவர் ஆவுடையப்பன். வேறு யாரையும் குழாயைத் தொடவிட மாட்டார். வருடம் முழுக்கத் தன்னை விடாத வறட்டு இருமல் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"கிளம்பும்வே. கொம்பையா வீட்டுக்குப் போவோம்."

"அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க சாமி?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாதி வழியில நீரு திரும்பிரக் கூடாதேன்னு கூட வாரேன்."

எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் ஆவுடையப்பன் நிறுத்திவிடுவார். கண்கள் பளபளக்க என்னைப் பார்ப்பார். நானும் தலையாட்டுவேன்.

ஆனால் கொம்பையா அதே வருடம், அதே கெட்ட பெயரோடு ஊரைவிட்டுப் போனார் என்று சந்தையில் இன்றும் சொல்கிறார்கள்.

போன மாதம் ஆவுடையப்பனிடமே கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அங்க போய் நீங்க என்ன சொன்னீங்க?"