பத்து நிமிடக் குழாய்

மேட்டுப்பாளையத்தில் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் தெய்வானையின் பட்டறை இருக்கிறது. முப்பத்தைந்து வயது. பந்தயக் கார்களுக்கு இன்ஜின் வேலை பார்த்தவள். அவளிடம் தொழில் கற்க வருகிறவர்களில் மூத்தவர் மருதாசலம். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு டிரஸ்ட்டின் ஆம்புலன்ஸை ஓட்டிக்கொண்டே, முறை இல்லாத நாட்களில் வந்து அவளைக் குருவாக வைத்துப் பாடம் கேட்பார்.

அன்று ஞாயிறு, விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சர்வீசுக்கென்று சொல்லி வாங்கிய ஆம்புலன்ஸோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

போன மாதம் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. நெஞ்சுவலி. இவர் போய்ச் சேர்ந்தபோது ஆள் போய்விட்டிருந்தார். "ஒரு பத்து நிமிசம் முன்னால வந்திருக்கலாமே" என்றாள் இறந்தவரின் மகள். திட்டவில்லை, சும்மா சொன்னாள். அன்றிலிருந்து மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

பானெட்டைத் திறந்து காட்டினார். கம்பெனி வைத்த கறுப்பு ஏர் பில்டர் பெட்டி அங்கே இல்லை, கழற்றி வண்டிக்குள் போட்டு வைத்திருந்தார். பளபளவென்று ஒரு தடித்த குழாயும் அதன் வாயில் சிவப்பாக ஒரு கூம்பு பில்டரும் இருந்தன. காற்று அதிகம் போகும், இழுவை கூடும், டீசலும் மிச்சமாகும் என்று கடைக்காரன் சொல்லியிருக்கிறான்.

"நெசமாவே இது பவர் குடுக்குமா அம்மிணி? எனக்கென்னமோ வண்டி பறக்கற மாதிரி இருக்குதுங்க. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியும் இருக்குது."

"போட்டு எத்தனை நாளாச்சுங்ணா?"

"பத்து நாளுங்க."

"இந்தப் பத்து நாள்ல அவசரமா எத்தனை தடவை மலை ஏறுனீங்க?"

யோசித்தார். "ஒருக்காகூட இல்லீங்க. ஆசுபத்திரியில இருந்து வீட்டுக்குப் போறவங்களை விட்டுட்டு வந்ததுதான்."

"அப்ப டீசலை மிச்சம் பண்ணது மெதுவா மிதிச்ச உங்க காலுங்ணா."

"சரிங்க, பவரு?"

தெய்வானை ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். "அஞ்சாவது வளைவு வரைக்கும் முடிஞ்ச வேகத்துல ஏத்துங்க."

குழாய் உறுமியது. ஒரு மாதத்தில் முதல் தடவையாக மருதாசலம் சிரித்தார். அவள் நேரத்தைத் தாளில் குறித்தாள், காட்டவில்லை.

கீழே வந்ததும் அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு பானெட்டைத் திறந்தாள். இரண்டாவது தடவை ஏறும்போது உறுமலே இல்லை.

"பழசை மாட்டிட்டீங்களா? வண்டி செத்துப்போச்சுங்க" என்று வழியெல்லாம் புலம்பினார்.

மறுபடியும் டீ. அவருக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை, பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். மூன்றாவது தடவை மலையே அதிர்ந்தது.

"இது! இதுதானுங்க. ஒரு நிமிசமாவது முன்னால வந்திருப்போம்."

தாளை நீட்டினாள். முதல் தடவை ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இரண்டாவது, ஆறு பதினொன்று. மூன்றாவது, ஆறு பதினைந்து.

மருதாசலம் மூன்று தடவை படித்தார். பிறகு இறங்கி பானெட்டைத் தூக்கினார். உள்ளே பழைய கறுப்புப் பெட்டி. இரண்டு கிளிப்பையும் கழற்றி மூடியைத் திறந்து விட்டிருந்தாள்.

"மூடி திறந்திருந்தா இன்ஜின் மூச்சு வாங்கற சத்தம் வெளிய கேக்கும். உள்ள போறது சூட்டுக் காத்து. அதான் மூணு நாலு விநாடி போச்சு."

"என்ற குழாய் எங்கீங்க?"

"ஸ்ட்ரெச்சருக்கு அடியில. ரெண்டு தடவையும் சும்மா கூட வந்துச்சு."

"பந்தய வண்டிக்கு நீங்களே போடறீங்களே?"

"அதுல இன்ஜினையே மாத்திக் கட்டறோம். இந்த இன்ஜினுக்கு வேணுங்கற காத்தை இந்தப் பெட்டியே குடுத்துருது."

மருதாசலம் பட்டறை வாசலுக்கு நடந்தார், திரும்பி வந்தார், மறுபடியும் நடந்தார்.

"அப்ப அந்தப் பத்து நிமிசத்துக்கு நான் எங்கதான் போவேன் அம்மிணி?"

தெய்வானை கிளிப்புகளை மாட்டினாள். "அன்னைக்குப் போன் எப்ப வந்துச்சு?"

"மத்தியானம் ரெண்டே காலுக்கு."

"சக்கரம் எப்ப நகர்ந்துச்சு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்க அங்கே வியர்வை ஒன்றும் இல்லை.

ஆம்புலன்ஸின் சாவி டிரஸ்ட் செயலாளர் வீட்டுப் பூசையறையில் சாமி படத்துக்குக் கீழே தொங்கும். ஒவ்வொரு தடவையும் அவர் கையால் வாங்கித்தான் வண்டியை எடுக்க வேண்டும். டிரஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

"தூங்கிட்டு இருந்தாருங்க. ஒருக்கா பெல் அடிச்சேன். எந்திரிக்கல. ரெண்டாவது தடவை அடிக்க மனசு வரல. வாசல்லயே நின்னேன்."

"எத்தனை நேரம்?"

"பத்து நிமிசமுங்க."

இதை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. தெய்வானை பானெட்டை மூடினாள்.

"நாளைக்கு எனக்குத்தான் முறை. அவரு பெரிய மனுசருங்க அம்மிணி. தூங்கறவரை எப்படிங்க எழுப்பறது?"

தெய்வானை ஸ்ட்ரெச்சருக்கு அடியிலிருந்து குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இது போட்ட சத்தத்துல பாதி நீங்க போட்டாப் போதுங்ணா."